வலம் வெட்டினால் இடம் போன கார்

மண்ணெண்ணெயில் கார் ஓடியதைக் கண்ணால் கண்டவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நீங்களும் நானும் கதிரையிலிருந்து எழும்புவதற்கு இரண்டு தரம் யோசிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் அந்தப் புகையின் பெயரைச் சொன்னால் உங்கள் மூக்கு இன்னும் எழும்பி நிற்கும். இளசுகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "சும்மா புளுகாதேங்கோ" என்கிறார்கள். நான் புளுகன்தான். எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்து, வாத்திமாருக்கு அலுத்துப்போகக் கூடாதே என்ற இரக்கத்தில் நானாகவே பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் இது புளுகில்லை. சாட்சி என் சைக்கிள் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஒரு காரின் ஸ்டியரிங் வளையம். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் "கார் எங்கை?" என்று கேட்பார்கள். "பின்னாலை வருது, பொறுங்கோ" என்பேன்.

கார் மானிப்பாயில் எங்கள் வளவு மூலையில், முருங்கை மரத்துக்குக் கீழே நின்றது. ஏ ஃபோர்ட்டி என்கிற பழைய இங்கிலாந்துக் கார். அப்பா அதை வாடகைக்கு ஓட்டினாராம். அவர் செத்தபோது எனக்கு இரண்டு வயது. எனக்கு அவரைத் தெரியாது, காரைத்தான் தெரியும். அதையும் கோழிக்கூடாகத்தான் தெரியும். எஞ்சினைச் சண்டிலிப்பாய்ப் பெரியப்பா புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கவென்று கழற்றிக்கொண்டு போயிருந்தார். எஞ்சினை வெளியே எடுப்பதற்கு இடைஞ்சலாக இருந்த, சில்லுகளைத் திருப்புகிற ஸ்டியரிங் பெட்டியையும் கழற்றி, ஒரு சாக்கில் கட்டி முன் சீற்றில் போட்டுவிட்டார்கள். பின் சீற்று கறுப்புப் பேட்டுக்கோழியின் சொத்து. அதிலேதான் முட்டை இடும், அதிலேதான் அடை கிடக்கும். கதவைத் திறந்தால் பெரிய இடத்து மனுசி மாதிரி ஒரு பார்வை பார்க்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. அண்ணைக்குப் பத்தொன்பது. ஒருநாள் பின்னேரம் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அண்ணை குசினி வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, நான் வெளியிலை போகப்போறன்."

"எந்த வெளி?"

"கனடாப் பக்கம்."

துருவலைச் சத்தம் நின்றது. அம்மா வாசலுக்கு வெளியே முருங்கை மரத்தைப் பார்த்தார். பேட்டுக்கோழி கார் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போவன். ஆர் மறிச்சது? கொப்பரின்ரை காரை ஓடப்பண்ணு. எனக்குத் தாலி கட்டின அளவெட்டிக் கோயிலுக்கு அதிலை ஒருக்கால் என்னைக் கொண்டுபோய் இறக்கு. பிறகு எங்கை வேணுமெண்டாலும் போ."

"ஓடினால் விடுவியளோ?"

"ஓடினால் விடுறன்."

துருவலை திரும்பவும் ஓடியது. முன்னையதைவிட வேகமாக. அம்மா கோழிக்கூட்டைப் பார்த்துப் போட்ட நிபந்தனை அது என்று இப்போது விளங்குகிறது. அண்ணையின் முகத்தைப் பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டார்.

அடுத்த நாளே அண்ணை என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு மிதித்தார். பெரியப்பா தோட்டத்து வரம்பில் நின்றபடி சொன்னார்: "புகையிலை வெட்டி முடியும்வரைக்கும் எஞ்சினிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது."

"வெட்டினாப் பிறகு?"

"பிறகு பாப்பம்."

பெரியப்பாவின் 'பாப்பம்' என்றால் இல்லை என்று ஊருக்கே தெரியும். அண்ணை வாதாடவில்லை. அன்றிலிருந்து தினமும் போய்ப் பெரியப்பாவின் புகையிலைக்கு வாய்க்கால் திருப்பித் தண்ணீர் மாறினார், இலை சுமந்தார், இலைச்சாறு பாணியாய் ஒட்டிய கையோடு வீட்டுக்கு வந்தார். வெட்டு முடிந்த அன்று பெரியப்பா தானாகவே வண்டிலைக் கட்டினார். "உவன் என்னை வேலை செய்தே வெருட்டிப்போட்டான்" என்று அம்மாவிடம் முறைப்பாடு வேறு.

வண்டிலில் எஞ்சின் வந்தது. எஞ்சினுக்கு மேலே நான் வந்தேன். சண்டிலிப்பாயிலிருந்து மானிப்பாய் வரைக்கும் ராசா மாதிரி இருந்து, வழியில் கண்ட பெடியளுக்கெல்லாம் கை காட்டினேன். இறங்கினபோதுதான் என் காற்சட்டையின் பின்பக்கம் முழுவதும் கறுப்பு எண்ணெய் என்று தெரிந்தது. அம்மா என்னை அடித்தார். எஞ்சின் வந்ததற்கு விழவேண்டிய அடி அது. யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் எனக்கு விழுந்தது.

பூட்டுவதற்கு ஆள் வேண்டும். சண்டையால் பெற்றோல் வராமல்போன ஊரில் கார் மெக்கானிக்மார் எல்லாரும் சைக்கிள் திருத்தப் போய்விட்டார்கள். அண்ணை தேடிப் பிடித்தது குருநகரில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிற ஒருவரை. கடலுக்குப் போகக்கூடாது என்று நேவி மறித்திருந்த நாட்கள். அவருக்கும் வேலையில்லை. நாங்கள் அவரை மிசின்காரர் என்றோம். கழுத்தில் மாதா படம், சைக்கிள் கரியரில் வேலைச் சாமான்கள் போட்ட ஆயுதப் பை. பையைத் திறந்தால் முதலில் மீன் மணம் வரும், பிறகுதான் நட்டு முறுக்குகிற சாவிகள் வரும். 

மூன்று பனங்குற்றிகளைக் கூம்பாக நட்டு, சங்கிலி போட்டு, எஞ்சினைத் தூக்கினார்கள். மிசின்காரர் சிலுவை போட்டார். அம்மா தூரத்தில் நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கேட்டது ஒன்றாக இருந்திருக்காது. முதலில் மிசின்காரர் ஸ்டியரிங் பெட்டியை உள்ளே விட்டார். அதில் மூன்று ஓட்டைகள். எப்படி வைத்தாலும் பொருந்தியது. எந்தப் பக்கம் மேலே என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அப்பா. மிசின்காரர் வெறும் தண்டைக் குறட்டால் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். சில்லுகள் ஆடின.

"நல்லாய்க் கேக்குது தம்பி. சொன்ன சொல்லுக் கேக்குது."

அதற்கு மேல் எஞ்சினை இறக்கிப் பூட்டினார்கள். இனிப் பெட்டியைத் தொடவேண்டுமென்றால் எஞ்சினைத் திரும்பத் தூக்கவேண்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

ஸ்டார்ட் பண்ணுகிற வேலை எனக்கு. உங்களுக்கு நினைவிருக்கும்: முதல் உயிர் வருவதற்கு மட்டும் பெற்றோல், பிறகு எல்லாம் மண்ணெண்ணெய். ஒரு போத்தல் பெற்றோலைக் கோயில் தீர்த்தம் மாதிரி வைத்திருந்த காலம். மாட்டுக்கு ஊசி போடுகிற சிறிஞ்சில் அதை உறிஞ்சி, காபரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக நான் விட, அண்ணை முன்னால் நின்று கம்பியைச் சுழற்றினார். ஏழாம் சுழற்றில் அது இருமியது. எட்டாவதில் எழும்பியது. வளவு முழுக்க வெள்ளைப் புகை. எல்லாக் கோழிகளும் மதிலுக்கு மேலே. கறுப்புப் பேடு மட்டும் பின் சீற்றில் நடுங்கிக்கொண்டே அடை கிடந்தது.

அண்ணை என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் சிரித்தேன். சுற்றிக்கொண்டிருக்கும்போதே, இது ஓடினால் இவர் போய்விடுவாரே என்பது எனக்குப் பிடிபட்டது. படிப்பில்தான் மந்தம், அவ்வளவுக்கு மந்தமில்லை. என் ஆடுகிற பல்லை நோகாமல் பிடுங்கத் தெரிந்தவர் அண்ணைதான். என் கணக்கெல்லாம் செய்து தந்தவரும் அவர்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றதில் அவருக்கும் பங்குண்டு.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. தண்டில் ஸ்டியரிங் வளையத்தை ஏற்றி நட்டை முறுக்கவேண்டும். அந்த நட்டு எலுமிச்சங்காய் அளவு. பழையது உடைந்தபோது அப்பா பட்டறையில் சொல்லிக் கடைவித்த பித்தளை நட்டு. அதைப்போல இன்னொன்று எங்கும் கிடையாது. கறுத்துப்போய், முன் சில்லுக்கு மேலே மட்காட்டில் இருந்தது. மிசின்காரர் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார், அண்ணை தேத்தண்ணி கேட்கக் குசினிக்குப் போனார். நான் நட்டை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். அன்று பின்னேரம் அம்மா பூப் பறிக்கும் நேரம் பார்த்து, குசினி மூலையிலிருந்த புளிப்பானைக்குள் கையை முழங்கைவரை விட்டுப் புதைத்தேன். 

இரண்டு கிழமை தேடினார்கள். அண்ணை காரைச் சுற்றியிருந்த மண்ணை அரிதட்டால் அரித்தார். கோழி விழுங்கியிருக்கும் என்று இரண்டு நாள் கோழிகளுக்குப் பின்னால் திரிந்தார்.

"எலுமிச்சங்காய் அளவு நட்டைக் கோழி எப்பிடியடா விழுங்கும்?" என்றார் அம்மா.

"பசியெண்டால் விழுங்கும்" என்றேன் நான். என் வாய் அப்போதே இப்படித்தான்.

மூன்றாம் கிழமை அண்ணை ஒரு பிழை விட்டார். மிசின்காரர் வந்து சைக்கிளை நிறுத்தியதும் அவரிடம் கேட்டார்: "அண்ணை, உங்கடை பைக்குள்ளை ஒருக்கால் பாக்கட்டோ? தவறி விழுந்து கிடக்குதோ தெரியாது."

மிசின்காரர் பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினார். சாவிகள், ஒரு வெற்றிலைச் சரை, மீன் செதில். ஒவ்வொன்றாகத் திரும்பப் பொறுக்கிப் போட்டார்.

"தம்பி, கடலுக்குப் போகேலாமல் இருக்கிறன்தான். ஆனால் மாதாவறிய, ஒருத்தற்றை சாமானிலை நான் கை வைச்சதில்லை."

சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டினார். நான் அந்த இடத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். ஊரெல்லாம் மூடச் சொன்னாலும் மூடாத வாய், அன்று மட்டும் மூடிக் கிடந்தது. இதைச் சொல்லி இதுவரை நான் யாரையும் சிரிக்க வைத்ததில்லை.

அதற்கடுத்த நாள் பக்கத்து வளவிலிருந்து அழுகை கேட்டது. அண்ணையோடு படித்த பெடியன். காலையில் பாண் வாங்கச் சைக்கிளில் போனவன், மத்தியானமாகியும் வரவில்லை. பின்னேரம் செய்திதான் வந்தது. அந்த வருடம் அண்ணையின் வயதுப் பெடியள் எத்தனை பேரை இப்படி இழந்தோம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அம்மா அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து கிணற்றில் தலை முழுகினார். ஈரத்தோடு நெடுநேரம் குசினிக்குள் தனியே இருந்தார்.

விடிந்து பார்த்தால் மட்காட்டில் நட்டு இருந்தது. கறுத்த நட்டில்லை. புளியில் ஊறி, சாம்பல் போட்டுத் தேய்த்த நட்டு. காலை வெயிலில் தங்கம் மாதிரி மின்னியது.

"அம்மா! நட்டு! ஆர் வைச்சது?"

அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "கோழி போட்டிருக்கும்."

பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. என் கண்களைத் தாண்டி, எனக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கூட்டத் தொடங்கினார்.

அண்ணை அப்போதே குருநகருக்குப் போய் மிசின்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கோபம் போனதற்கு அடையாளமாக ஓலைப்பையில் நண்டு கொண்டு வந்தார். அன்று வெள்ளிக்கிழமை! எங்கள் வீட்டில் வெள்ளியில் முட்டைகூட அவியாது. அம்மா பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வெளியே மூன்று கல்லு வைத்து, பழைய சட்டியில் நண்டைக் காய்ச்சினார். "இருங்கோ அண்ணை, சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்றார். நான் செய்த களவுக்கு அம்மா கொடுத்த நட்டஈடு அந்த நண்டுக்கறி.

நட்டு முறுக்கியாயிற்று. அண்ணை ஏறினார், மிசின்காரர் பக்கத்தில் ஏறினார், நான் சிறிஞ்சோடு மட்காட்டில். கார் படலையால் வெளியே வந்தது. அண்ணை வலப்பக்கம் வெட்டினார். கார் இடப்பக்கம் போய் எதிர்வீட்டுக் கதியால் வேலிக்குள் முகத்தை நுழைத்தது. பின்னுக்கு எடுத்து, இடம் வெட்டினார். வலப்பக்கம் போய் வாய்க்கால் மதவில் ஏறியது.

"என்ன அண்ணை இது? மாறிப் போகுது!"

மிசின்காரருக்கு விளங்கவில்லை. "சரியாத்தானே தம்பி போகுது? சுக்கானைப் பிடிக்கிற கை இந்தப் பக்கம் போனால் வள்ளம் அந்தப் பக்கம்."

"இது வள்ளம் இல்லை!"

அவர் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். "மாதாவே! பெட்டியைக் குப்புறப் போட்டிட்டன்."

ரோட்டில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. ஞாயிறு காலை அவர் புறப்படுவதாக ஏற்கெனவே ஒழுங்காகியிருந்தது. வெளிநாட்டுக்கு அழைத்துப்போகிறவர்கள் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். எஞ்சினைத் தூக்கிப் பெட்டியைத் திருப்ப மூன்று நாளாகும். இடையில் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். நான் நட்டை ஒளித்து வீணாக்கிய அந்த இரண்டு கிழமைகள் மட்டும் இருந்திருந்தால்!

அண்ணை அம்மாவைப் பார்த்தார். அம்மா படலையில் நின்றபடி சொன்னார்: "ஓடுதுதானே. நாளைக்குக் காலமை வெளிக்கிடுவம்."

அன்று பொழுது படும்வரை அண்ணை பள்ளிக்கூட மைதானத்தில் மாறி ஓட்டப் பழகினார். 

சனிக்கிழமை அம்மா கூறைச்சீலை உடுத்தியிருந்தார். பேட்டுக்கோழியைக் கூடையோடு இறக்கிவிட்டு, பின் சீற்றைத் துடைத்து, நடுவில் இருந்தார். என் வேலை முன்னால் இருந்து கத்துவது. "வலம் எண்டா இடம்! இடம் எண்டா வலம்!" சண்டிலிப்பாய்ச் சந்தியில் பெரியப்பா மறித்துக் கை காட்டினார்; நாங்கள் அவரை நோக்கியே திரும்பியதும் வேலி பாய்ந்து ஓடினார். அளவெட்டியில் ஒரு வீட்டில் நாதஸ்வரம் சாதகம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் கார் அந்த வீட்டு வேலியை உரசியதும் ராகம் நின்றது. தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து எழும்பியது. திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சிரிக்கிறபோது அப்படி வரும் என்று அப்போது நம்பினேன்.

கோயில் வாசலில் அம்மா இறங்கினார். கும்பிட்டுவிட்டு வந்து அண்ணையின் நெற்றியில் திருநீறு பூசினார்.

"ஓடினது. நீ போ."

"நான் வந்து பெட்டியைத் திருப்பிப் போடுறன் அம்மா. அதுக்கிடையிலை ஒருத்தரும் தொடப்படாது."

மறுநாள் காலை அண்ணை போனார்.

மிசின்காரர் நாலு தரம் வந்து, இலவசமாகப் பெட்டியைத் திருப்பித் தருகிறேன் என்று கேட்டார். "அவன் வந்து திருப்பட்டும்" என்று நாலு தரமும் அம்மா சொன்னார். நான் அந்தக் காரில்தான் ஓட்டப் பழகினேன். அதனால்தான் பிற்காலத்தில் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில், வலம் திரும்பச் சொன்னவரை இடப்பக்க வாய்க்காலுக்குள் இறக்கினேன். சைக்கிள் கடை வைத்ததும் அதனால்தான். 

எனக்குப் பதினான்கு வயதானபோது அண்ணையிடமிருந்து கடிதம் வந்தது. தம்பியை அனுப்பிவிடுங்கோ, நான் இங்கே பார்க்கிறேன் என்று. எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. அம்மா கடிதத்தை மடித்தார். 

"போவன். கொண்ணை மாதிரி, காரிலை என்னை ஒருக்கால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப்போட்டுப் போ."

இதென்ன பெரிய வேலை என்று ஓடினேன். வளையத்தைப் பிடித்ததும் அது கையோடு வந்தது. நட்டில்லை.

வளவெல்லாம் தேடினேன். மண்ணை அரித்தேன். அம்மாவும் என்னோடு குனிந்து தேடினார். நாட்கள் போயின, கிழமைகள் போயின, கடிதம் பழசாயிற்று. பிறகு ஒருநாள் ஆமி வருகிறதென்று ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. ஆட்கள் நகையை எடுத்தார்கள், காணி உறுதியை எடுத்தார்கள். நான் ஸ்டியரிங் வளையத்தைக் கழுத்தில் மாலையாகப் போட்டேன். அம்மா புளிப்பானையை இடுப்பில் வைத்தார். வழியில் ஒருவர் கேட்டார்: "என்ன பிள்ளை, புளியைக் கொண்டே எங்கை போறியள்?" அம்மா பானையைப் பக்கம் மாற்றி இடுக்கிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது கார் இல்லை. முருங்கையும் இல்லை. 

அம்மா போன வருடம் போனார். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து குசினியை ஒதுக்கியபோதுதான் அந்தப் பானைக்குள் முழங்கைவரை கையை விட்டேன். இருந்தது. 

நீங்கள் கேட்பீர்கள்: மடையா, நீயே கண்டுபிடித்த ஒளிப்பிடம், பதினான்கு வயதில் உனக்கு அங்கே தேடத் தோன்றவில்லையா என்று. தோன்றியது. முதல் நாளே தோன்றியது. பானையின் மூடிவரை கை போனது. குசினி வாசலில் அம்மா நின்றார். கையில் துருவலை. நான் மூடியைத் திறக்காமல், "இஞ்சை தண்ணிச் செம்பு எங்கை?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நட்டு கிடைத்த அன்று பின்னேரம் அண்ணை தொலைபேசியில் முகம் காட்டினார். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போன முகம். தலை முழுக்க வெள்ளை. நட்டைக் காட்டினேன். 

"டேய், அது எங்கை கிடந்தது?"

"கோழி போட்டது அண்ணை."

சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"பெட்டியைத் திருப்பிப் போடுறன் எண்டு சொன்னனானல்லோ."

"ஓம்."

"வளையம் கிடக்கோ?"

"கிடக்கு."

"எடு, பாப்பம்."

போனைப் புளிப்பானையில் சாத்தி வைத்துவிட்டு, வீட்டு முன்பக்கக் கடைச் சுவரிலிருந்து எடுத்துவந்த வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து வலப்பக்கம் வெட்டினேன். அங்கே அண்ணை வெறுங்கைகளைத் தூக்கி, இல்லாத வளையம் ஒன்றைப் பிடித்து, யோசிக்காமல் இடப்பக்கம் சாய்ந்தார்.